பப் சுற்ற டவுன் பஸ்ஸா, வேனா, ரயிலா?

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை ரியல் ஏல் என்ற பழைய பாணிப் பீர் நன்றாகக் கிடைக்கும் பப்களைச் சுற்றலாம் என்று பேச்சு வந்ததும், எந்த ஊருக்குப் போவது என்ற சண்டைதான் முதலில் கிளம்பும். எனக்கென்னவோ அது இரண்டாவது கேள்வி. எதில் போவது என்று முதலில் தீர்மானித்துவிட்டால் ஊர் பாதி தானாக முடிவாகிவிடும். பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பும் ஒரு குழுவை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இங்கிலாந்தில் இந்தக் காரியத்துக்கு அதைவிடத் தோதான ஊர் குறைவு. மேற்கே பக்கத்திலேயே பிளாக் கன்ட்ரி, வடகிழக்கே பர்ட்டன், இன்னும் மேற்கே தள்ளிப் போனால் ஷ்ராப்ஷயர் மலைகள், பொழுது விடியக் கிளம்பினால் வடக்கே பென்னைன் ரயில் பாதை. நாலுக்கும் நாலு விதமான பயணம்.

கார் வேண்டாம். இங்கிலாந்தில் ஓட்டுநருக்கான வரம்பு 100 மி.லி. இரத்தத்துக்கு 80 மி.கி. மது. ஸ்காட்லாந்து 2014-லேயே அதை 50-க்கு இறக்கிவிட்டது. வரம்புக்குள் இருக்கிறோமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே குடிப்பதற்குக் குடிக்காமலே இருக்கலாம். மூன்று கார், குடிக்காமல் ஓட்ட மூன்று தியாகிகள் என்று ஏற்பாடு செய்தால், மாலை ஐந்து மணிக்கெல்லாம் அந்த மூன்று பேருக்கும் மற்ற எல்லோரையும் பிடிக்காமல் போய்விடும்.

வண்டிக்கு முன்னால் பீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரியல் ஏல் என்ற பெயரை ஊரறியச் செய்தது கேம்ரா என்ற குடிப்போர் இயக்கம். எங்கும் ஒரே மாதிரி, வாயு ஏற்றிய கெக் பீர்தான் என்று ஆகிக்கொண்டிருந்த காலத்தில், 1971-ல், அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் ஆரம்பித்தது. அவர்கள் காப்பாற்ற நினைத்தது பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் பீரை. மதுவடிக்கும் ஆலையிலிருந்து கிளம்பும்போது அது முடிந்திருக்காது. பப்பின் நிலவறையில் இரண்டாம் முறை நொதித்துத்தான் பக்குவத்துக்கு வரும். வாயு அழுத்தம் கொடுக்காமல், கையால் இழுக்கும் பம்பில் மேலே ஏற்றிக் கொடுப்பார்கள். 11 முதல் 13 டிகிரி வரை உள்ள நிலவறைக் குளிர்ச்சிதான் அதற்குச் சரியான சூடு. ஐஸ் மாதிரி இருக்கும் லாகருக்குப் பழகிய நம் ஆட்கள் முதல் வாயில் "இது என்ன, வெந்நீரா?" என்று கேட்பதும் அதனால்தான்.

இந்தப் பீர் ஒரு தடவை திறந்துவிட்டால் காற்றுப் பட ஆரம்பிக்கும். மூன்று நாள் போல நன்றாக இருக்கும், அதற்கு மேல் சுவை தட்டையாகி, பிறகு புளித்துவிடும். வழக்கமான பீப்பாயான ஃபர்கின் ஒன்பது காலன், அதாவது 72 பைண்ட் (ஒரு பைண்ட் 568 மி.லி.) பிடிக்கும். ஒரு பம்புக்கு மூன்று நாளில் 72 பைண்ட் விற்றாக வேண்டும். கூட்டமில்லாத பப்பில் பத்துப் பம்பு வரிசையாக நிற்கிறது என்றால் எனக்கு ஆசை வராது, பயம்தான் வரும். இரண்டே பம்பு, ஆனால் அந்தத் தெருக்காரர்கள் மாற்றி மாற்றிக் குடித்துக் காலி செய்கிறார்கள் என்றால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம். அப்படிப்பட்ட பப்கள் பெரும்பாலும் மக்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் இடங்களில், பஸ் ஓடும் சாலையில்தான் இருக்கும். வண்டித் தேர்வில் டவுன் பஸ்ஸை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் செலவு மட்டும் இல்லை.

சைவக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்தப் பீரைத் தெளிய வைக்கப் பல ஆலைகள் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைச் சேர்க்கின்றன. குடிக்கும்போது தெரியாது, சுவையிலும் இருக்காது. ஆனால் விரதத்தோடு இருப்பவருக்கு முன்னாலேயே சொல்லாமல் மாலையில் சொன்னால் நட்பு போய்விடும். இப்போது அது சேர்க்காமல் சற்றுக் கலங்கலாகவே விற்கும் ஆலைகளும் நிறைய. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள்.

இனி பிளாக் கன்ட்ரி. நிலக்கரியும் இரும்பும் புகையுமாக இருந்த டட்லி, சாண்ட்வெல், வால்சால், வுல்வர்ஹாம்ப்டன் வட்டாரம். உலை முன்னால் நின்றவர்களுக்கு வியர்வையில் போனதை ஈடுகட்டப் பீர் வேண்டியிருந்தது. அதனால்தான் இங்கே மைல்ட் என்ற கருத்த, மெல்லிய பீர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது. இந்த வட்டாரத்தை ரயிலில் சுற்ற முடியாது என்பது முக்கியம். டட்லி அவ்வளவு பெரிய ஊர், 1964-க்குப் பிறகு ஊருக்குள் பயணிகள் ரயில் நிலையமே கிடையாது. பிரையர்லி ஹில் நிலையமும் அறுபதுகளிலேயே போய்விட்டது. செட்ஜ்லிக்கு ரயிலை யாரும் கொண்டுவரவே இல்லை. ரயில் விட்டுப்போன இடங்களில் நல்ல பப்கள் அப்படியே தங்கிவிட்டன என்று எனக்கு ஒரு எண்ணம். ஆராய்ச்சி எதுவும் இல்லை, ஒரு அபிப்பிராயம்தான்.

பர்மிங்ஹாமிலிருந்து வுல்வர்ஹாம்ப்டனுக்கு ரயிலில் இருபது நிமிடம் போல ஆகும். நிலையத்துக்குப் பின்பக்கம் நடை தூரத்தில் கிரேட் வெஸ்டர்ன். ஹோல்டன்ஸ் என்ற உள்ளூர்க் குடும்ப ஆலையின் பப். சுவரெல்லாம் பழைய ரயில் பொருட்கள். 1991-ல் கேம்ரா இதைத்தான் நாட்டின் சிறந்த பப்பாகத் தேர்ந்தெடுத்தது. கோல்டன் க்ளோ என்ற 4.4 சதவீத வெளிர் ஏல் இங்கே தொடங்குவதற்கு ஏற்றது. வுல்வ்ஸ் கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும் சனிக்கிழமை மட்டும் பன்னிரண்டு பேராக இந்தப் பக்கம் வராதீர்கள். நிற்கவும் இடம் இருக்காது.

அங்கிருந்து டட்லி போகும் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் செட்ஜ்லி. பீக்கன் ஹோட்டல் என்று பெயர், ஆனால் தங்குவதற்கு யாரும் வருவதில்லை. எல்லோரும் வருவது பின்கட்டில் இருக்கும் சாரா ஹியூஸ் ஆலையின் டார்க் ரூபி மைல்டுக்கு. விக்டோரியா காலத்துக் கோபுர ஆலை. மேல்தளத்தில் தொடங்கி, புவியீர்ப்பிலேயே ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கிவரும் பழைய முறை. சாரா ஹியூஸ் என்ற அம்மாள் 1920களின் தொடக்கத்தில் வாங்கி நடத்தியது. ஐம்பதுகளில் அடுப்பு அணைந்துபோய், 1987-ல் பேரன் மறுபடி பற்றவைத்தார். உள்ளே போனால் நடுவில் மரத்தடுப்பு போட்ட ஒரு சிறு பெட்டியறை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு குட்டி ஜன்னல். குனிந்து அந்த ஜன்னலுக்குள் முகத்தை நீட்டித்தான் பீர் கேட்க வேண்டும். பெயர்தான் மைல்ட், பலம் 6 சதவீதம். உலர்ந்த திராட்சை வாசம், லேசான இனிப்பு, விழுங்கிய பிறகு மெல்ல வரும் சூடு. அரைப் பைண்ட் போதும். இரண்டாவது கேட்கத் தோன்றும் பாருங்கள், அங்கேதான் பலருடைய நாள் கெட்டுப்போகிறது. மதியம் மூடிவிட்டு மாலையில் திறக்கும் பழைய வழக்கம் வெகுகாலம் இருந்த கடை இது. அதனால் நாளின் முற்பகுதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போகும் வாரத்து நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செட்ஜ்லியிலிருந்து டட்லி, டட்லியில் பஸ் மாறி ஒன்றரை மைலில் நெதர்ட்டன். டைட்டானிக் கப்பலின் பெரிய நங்கூரத்தைச் செய்துகொடுத்தது இந்த ஊர்தான். ஹிங்லி பட்டறையிலிருந்து இருபது குதிரைகள் அதை டட்லி ரயில் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. (அப்போது நிலையம் இருந்தது!) ஹேல்ஸோவன் சாலையில் இருக்கும் ஓல்ட் ஸ்வானை ஊரில் யாரும் அந்தப் பெயரில் கேட்பதில்லை. மா பார்டோஸ் என்றால்தான் தெரியும். டாரிஸ் பார்டோ என்ற அம்மாள் முப்பதுகளிலிருந்து 1984-ல் இறக்கும் வரை கட்டியாண்ட கடை. உட்கார்ந்ததும் அண்ணாந்து பாருங்கள்: எனாமல் பூசிய தகடுகளால் ஆன கூரை, நடுவில் பெரிய அன்னம். எழுபதுகளின் தொடக்கத்தில் சொந்தமாகப் பீர் வடித்து விற்கும் பழைய பப்கள் இங்கிலாந்தில் நாலே நாலு மிச்சமிருந்தன. அதில் ஒன்று இது. மற்ற மூன்று: ஷ்ராப்ஷயரில் பிஷப்ஸ் காசிலின் த்ரீ டன்ஸ், அதே ஷ்ராப்ஷயரில் மேட்லியின் ஆல் நேஷன்ஸ், தென்மேற்குக் கோடியில் கார்ன்வாலின் புளூ ஆங்கர். நாலில் மூன்று நம் பக்கத்திலேயே.

கடைசி நிறுத்தம் பிரையர்லி ஹில், டெல்ஃப் சாலை, வைன் பப். இதற்கும் ஊர்ப் பெயர் வேறு: புல் அண்ட் பிளாடர். முன்பு இறைச்சிக்கடையும் அறுப்புக்கூடமும் இருந்த இடம். 1877-ல் தொடங்கிய பேத்தம்ஸ் குடும்ப ஆலை இதை ஒட்டியே நிற்கிறது. இங்கே தேர்ந்தெடுக்கக் குழப்பமே இல்லை: 3.5 சதவீத மைல்ட், 4.3 சதவீத பெஸ்ட் பிட்டர். பிட்டர் என்று பெயர் இருந்தாலும் வாயில் முதலில் தட்டுவது தேன் போன்ற இனிப்பு, கசப்பு பின்னால்தான் வரும். நாட்டில் என் ஓட்டு ஏதாவது ஒரு பீருக்கு என்றால் அது இதற்குத்தான், அதுவும் இந்த வீட்டில் குடித்தால். நாலு அடி நடந்தால் கால்வாயில் டெல்ஃப் நைன் என்ற மதகு வரிசை. 1858-ல் திருத்திக் கட்டியபோது எட்டாகிவிட்டது, ஊர்க்காரர்கள் இன்னும் ஒன்பது என்றே சொல்கிறார்கள்.

திரும்பிவர ஒரு அழகான வழி உண்டு. பிரையர்லி ஹில்லிலிருந்து பஸ்ஸில் ஸ்டவர்பிரிட்ஜ் வந்தால், பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஸ்டவர்பிரிட்ஜ் டவுன் ரயில் நிலையம். அங்கிருந்து ஸ்டவர்பிரிட்ஜ் ஜங்ஷனுக்கு முக்கால் மைல் சொச்சம் தூரத்துக்கு ஒரு குட்டி ரயில்பெட்டி போய்ப்போய் வந்துகொண்டிருக்கும். மூன்று நிமிடப் பயணம். ஜங்ஷனில் மாறிப் பர்மிங்ஹாம். அந்தக் குட்டி வண்டியில் உங்கள் குழு ஏறினாலே பாதி நிறைந்துவிடும்.

பஸ் பயணத்தின் நடைமுறைக்கு வருவோம். இங்கிலாந்தில் 2025 ஜனவரியிலிருந்து பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டைத் தாண்டக் கூடாது. அதற்கு முன் இரண்டு வருடம் 2 பவுண்ட் வரம்பு இருந்தது. நாலைந்து தடவை ஏறி இறங்கும் நாளில் அதுகூடத் தேவையில்லை, ஒரு நாள் டிக்கெட் எடுத்துவிட்டால் மலிவு. குழுவில் ஓய்வூதிய வயது தாண்டிய அப்பா, மாமா யாராவது இருந்தால் அவர்களுடைய பஸ் பாஸ் இங்கிலாந்து முழுக்கச் செல்லும். வார நாளில் காலை 9.30-க்கு மேல், சனி ஞாயிறுகளில் நாள் முழுக்க இலவசம்.

யாரும் திட்டத்தில் எழுதாத ஒன்று கழிப்பறை. டவுன் பஸ்ஸில் அது கிடையாது. பீர் தன் வேலையைக் காட்டும். ஆகவே பப்புக்குப் பப் பஸ் தூரம் இருபது இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பதை நான் சட்டமாகவே வைத்திருக்கிறேன். பிளாக் கன்ட்ரி அந்தச் சட்டத்துக்குள் வரும். வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து டட்லி ஆறு மைல்தான், செட்ஜ்லி அதற்கு நடுவில். பிரையர்லி ஹில்லிலிருந்து ஸ்டவர்பிரிட்ஜும் பக்கம். அழகான மலைக் கிராமங்களுக்கு ஒரு மணி நேரம் வளைந்து வளைந்து போகும் பஸ்களை நம்பித் திட்டம் போட்ட குழுக்கள் என்ன பாடுபடும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

அடிக்கடி வரும் பஸ்ஸுக்கு இன்னொரு அருமை உண்டு. குழுவை நாலு நாலு பேராகப் பிரித்துவிடலாம். முன்னால் போகிறவர்கள் போகட்டும், கிளாஸை முடிக்காதவர்கள் அடுத்த பஸ்ஸில் வரட்டும். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கோட் மாட்டி, ஒருவர் மட்டும் இன்னும் உள்ளே இருந்து, மற்றவர்கள் வாசலில் நின்று கத்துவது என்ற காட்சியே இருக்காது. சின்ன பப்களுக்கும் இது நல்லது. பீக்கன் மாதிரி இடத்தில் பன்னிரண்டு பேர் ஒன்றாக நுழைந்தால் ஊர்க்காரர்களின் முகம் மாறும், அதில் நியாயமும் உண்டு.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த பப்களில் முழுச் சாப்பாடு எதிர்பார்க்காதீர்கள். காப் என்ற உருண்டை ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் பச்சை வெங்காயமும், பன்றி இறைச்சி பை, பொரித்த பன்றித்தோல், இவைதான் வட்டாரத்தின் தீனி. சில இடங்களில் பன்றி இறைச்சி போட்ட சாம்பல் நிறப் பட்டாணிக் கூட்டு கிடைக்கும். சைவர்களுக்குப் பாலாடைக்கட்டிக் காப்தான் கதி, ஆனால் அது நிஜமாகவே நன்றாக இருக்கும். இரவுக்கு வயிறு நிறைய வேண்டும் என்றால் திரும்பும் வழியில் ஸ்மெதிக் கால்டன் பிரிட்ஜ் நிலையத்தில் இறங்கி ஒரு தேசி பப்புக்குப் போகலாம். பஞ்சாபிகள் நடத்தும் பப்கள். கல்லில் சூடாக வரும் மிக்ஸ்டு கிரில், நான், அதோடு பீர். பம்பில் ரியல் ஏல் எல்லாவற்றிலும் இருக்காது, அந்த நேரத்துக்கு அது தேவையும் இல்லை.

இந்த ஊரில் பழுப்பு நிறத்தவர் பப்புக்குள் உட்கார்ந்து சாப்பிடுவது சும்மா கிடைத்ததல்ல. அறுபதுகளில் இங்குள்ள பல பப்களில் நல்ல அறை வெள்ளையருக்கு மட்டும். வார்ப்படச் சாலைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களின் சங்கம் அதை எதிர்த்துப் போராடியது. 1965 பிப்ரவரியில் அவர்கள் அழைத்து அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தார். புளூ கேட்ஸ் பப்புக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளறையில் பரிமாற மறுத்தார்கள், பொது பாரில்தான் கிடைத்தது. ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க்கில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே வருடம் வந்த இன உறவுச் சட்டம் பப் போன்ற பொது இடங்களில் அந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. நம் ஆட்கள் ஒரு குழுவாக இந்தப் பக்கம் பப் சுற்றக் கிளம்பும்போது இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

சரி, வேன். ஓட்டுநரோடு ஒரு பதினாறு இருக்கை மினிபஸ்ஸை நாள் வாடகைக்கு எடுப்பது. முழங்கால் வலிக்காரர்கள், நிறுத்தத்தில் மழையில் நிற்க முடியாதவர்கள் இருந்தால் இதற்கு மாற்று இல்லை. பஸ் போகாத இடத்துக்கும் போகலாம். பிஷப்ஸ் காசில் த்ரீ டன்ஸ் அப்படி ஒரு இடம். மதுவடிக்கும் உரிமம் 1642-லிருந்து வருகிறது, விக்டோரியா கோபுர ஆலை இன்றும் நிற்கிறது, ஊருக்கு ரயில் இல்லை, பஸ்ஸும் எண்ணிச் சொல்லும் அளவுதான். இதற்கு வேன்தான் வழி.

ஆனால் வேனின் குறைகள் கிளம்பிய பிறகுதான் தெரியும். ஒருவர் தாமதித்தால் பன்னிரண்டு பேரும் தாமதம். ஓட்டுநரின் மணிக்கணக்கு முடிந்தால் நம் நாளும் முடிந்தது. வண்டிக்குள்ளேயே பாட்டில் திறக்கும் ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு, நாலு பப்புக்குக் குடிக்க வேண்டியதை இரண்டாவது பப்புக்கு முன்பே முடித்துவிடுவார். வாடகை முன்பணம் கட்டியாயிற்று, ஆகவே எட்டு இடமாவது பார்த்துவிட வேண்டும் என்ற வேகம் வேறு. காசைப் பிரிக்கும்போது கடைசி நேரத்தில் இரண்டு பேர் வராமல் போனால் மற்றவர்கள் தலையில் விழும். பஸ்ஸில் வராதவருக்கு டிக்கெட் இல்லை, கதை முடிந்தது.

நம்மில் ஒருவரே மினிபஸ் ஓட்டட்டும் என்று யோசிப்பவர்கள் உரிமத்தைப் பாருங்கள். 1997 ஜனவரி 1-க்கு முன் இங்கே கார் உரிமம் எடுத்தவர்களுக்கு மினிபஸ் ஓட்டும் டி1 பிரிவு தானாகவே சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு எடுத்தவர்கள் பொதுவாக எட்டுப் பயணி இருக்கைக்கு மேல் உள்ள வண்டியை ஓட்டத் தனித் தேர்வு எழுத வேண்டும். நம் ஆட்களில் பெரும்பாலானோர் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள்.

ரயில் என்றால் எல்லோரும் சொல்வது பென்னைன் மலையைக் கடக்கும் பாதை. ஸ்டேலிபிரிட்ஜ் நிலையத்தின் பிளாட்பாரத்திலேயே விக்டோரியா காலத்து பஃபே பார், அங்கிருந்து மார்ஸ்டன், ஸ்லாத்வெயிட், ஹடர்ஸ்ஃபீல்ட் என்று ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி, டியூஸ்பரி நிலையத்தின் வெஸ்ட் ரைடிங்கில் முடிப்பது. ஹடர்ஸ்ஃபீல்ட் நிலையத்தின் தூண் வைத்த முகப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பப் இருக்கிறது என்பதே போய்ப் பார்க்கப் போதுமான காரணம். பப்புகள் அருமை, மலைக்காட்சியும் அருமை. கெட்டுப்போனது சனிக்கிழமை. இந்தப் பாதை தொலைக்காட்சியில் வந்த பிறகு கல்யாணத்துக்கு முந்தைய குடிக் கும்பல்கள் முயல் வேஷத்திலும் நர்ஸ் வேஷத்திலும் வந்து குவிந்தன. வழியில் சில பப்கள் சனிக்கிழமைகளில் லாகரையும் ஷாட்டையும் நிறுத்தும் அளவுக்குப் போனது. பாதையை மேம்படுத்தும் பெரிய வேலையால் வார இறுதியில் ரயிலுக்குப் பதில் மாற்று பஸ் என்ற அறிவிப்பும் அடிக்கடி வரும். பர்மிங்ஹாமிலிருந்து போய் வரவே அரை நாள் போகும். ஒரு வியாழக்கிழமை விடுமுறை எடுக்க முடிந்தால் போங்கள். சனிக்கிழமைக்கு என்னைக் கேட்டால் வேண்டாம்.

பர்ட்டன் அபான் டிரென்ட் சோம்பேறிகளுக்கானது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. பர்மிங்ஹாமிலிருந்து அரை மணி நேர ரயில், இறங்கினால் நடைதான். ஜிப்சம் கலந்த கிணற்றுத் தண்ணீரால் உலகப் புகழ் பெற்ற ஊர். பாஸ் ஆலையின் சிவப்பு முக்கோணம் 1876-ல் பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னம். கூப்பர்ஸ் டேவர்னின் பின்னறையில் பீப்பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிராஃப்ட் பாஸ் பீர் குடிப்பது தவறவிடக் கூடாதது. ஆனால் ஊரின் பெருமையில் பாதி கடந்த காலத்துக்குப் போய்விட்டது. மதுவடிப்பு அருங்காட்சியகம் 2022-ல் மூடியது. வரிசையாக மரப்பீப்பாய்களை இணைத்து நொதிக்க வைக்கும் பர்ட்டன் யூனியன் முறையை மார்ஸ்டன்ஸ் ஆலையில் 2024-ல் நிறுத்திவிட்டார்கள். நல்லவேளையாக ஒரு தொகுதியை டெர்பிஷயரின் தோர்ன்பிரிட்ஜ் ஆலை எடுத்துக்கொண்டு அதில் பீர் வடிக்கிறது. மழை நாளுக்கும், வயதானவர்களோடு மூன்று மணி நேரம் மட்டும் போய் வருவதற்கும் பர்ட்டன் சரி. முழு நாளை நிரப்பாது.

ஆகவே என் தேர்வு: சனிக்கிழமை, பன்னிரண்டு பேர் வரை, எல்லோரும் நடக்கக்கூடியவர்கள் என்றால் பிளாக் கன்ட்ரி, டவுன் பஸ். பதினைந்து பேரைத் தாண்டினால் இரண்டு குழுவாக எதிரெதிர் திசையில் அனுப்பி நெதர்ட்டனில் சந்திக்க வைக்கலாம். அதுவும் முடியாது, எல்லோரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றால்தான் வேன், அப்போது ஷ்ராப்ஷயர். வார நாள் என்றால் பென்னைன் ரயில். யாருக்கும் திட்டமிட மனமில்லை என்றால் பர்ட்டன்.

எவ்வளவு குடிப்பது என்பதையும் வண்டியோடு சேர்த்தே யோசியுங்கள். இங்கே அரசு மருத்துவ ஆலோசனை வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 10 மி.லி. தூய மது) மேல் வேண்டாம் என்கிறது. 568 மி.லி. பைண்ட் கணக்கில் பேத்தம்ஸ் பிட்டர் ஒன்று 2.4 யூனிட், மைல்ட் 2, டார்க் ரூபி 3.4. நாலு பப்பில் தலா ஒரு பைண்ட் என்றாலே வாரக் கணக்கில் பெரும்பகுதி போய்விடும். எல்லா இடத்திலும் அரைப் பைண்ட், வைன் பப்பில் மட்டும் ஒரு முழுப் பைண்ட் பிட்டரோடு அரை மைல்ட் என்று வைத்தால் எட்டு யூனிட்டுக்குள் முடியும், நாலு கடையின் பீரும் நாக்கில் தனித்தனியாக நிற்கும். அரைப் பைண்ட் கேட்டால் கேவலம் என்று நினைக்கும் காலம் போய்விட்டது.

இதைக் கெடுக்கும் ஒரே விஷயம் ரவுண்ட் வாங்கும் வழக்கம். பன்னிரண்டு பேர் ஒரு குழுவாக ரவுண்ட் வாங்கினால் கணக்குப்படி பன்னிரண்டு ரவுண்ட் ஓடியாக வேண்டும், யாரும் தன் முறையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஆரம்பத்திலேயே நாலு பேருக்கு ஒரு பொதுப்பை என்று போட்டு, பை தீர்ந்தால் குடியும் தீர்ந்தது என்று வைத்துவிடுங்கள். பைக்குள் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும், பழைய கடைகளில் கார்டு எப்போதும் எடுபடும் என்று நம்பி நிற்க வேண்டாம்.

கடைசியாக, பஸ் எண்களை வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த வட்டாரத்தில் எண்ணும் தடமும் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் வாரத்தில் செயலியில் செட்ஜ்லி, நெதர்ட்டன், பிரையர்லி ஹில், ஸ்டவர்பிரிட்ஜ் நாலையும் தட்டிப் பாருங்கள். முக்கியமாகப் பிரையர்லி ஹில்லிலிருந்து ஸ்டவர்பிரிட்ஜுக்குக் கடைசி பஸ்ஸையும், அந்தக் குட்டி ரயிலின் கடைசி ஓட்டத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, குழுவிலேயே குறைவாகக் குடிக்கும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.